பாட்காஸ்ட் அட்டைப்படமும் பார்வையற்ற ஒலிபரப்பாளரும்: எந்த வழி கைகொடுக்கிறது, எது கைவிடுகிறது

பேச்சைப் பதிவு செய்வது, வேண்டாததை வெட்டுவது, ஒலி அளவைச் சமன்செய்வது, இணையத்தில் ஏற்றுவது. இத்தனையையும் பார்வையற்ற ஒருவர் இன்று எவர் துணையும் இல்லாமல் செய்துவிடலாம். ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளோடு ஓசாரா என்ற இலவச இணைப்பைச் சேர்த்தால் டிராக், வெட்டு, ஒலி அளவு எல்லாம், திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பான் வழியே காதுக்கு வந்துவிடும். ஓசாராவைத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் டே. விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானை 2006-ல் தொடங்கிய மைக்கேல் கர்ரனோடு சேர்ந்து அதை வளர்த்தவரும் அவரே. இருவரும் பார்வையற்றவர்கள். தங்களுக்கு வேண்டிய கருவியைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

அந்தப் பாதை கடைசிப் படியில் அறுந்துபோகிறது. எபிசோடு தயார், தலைப்பு தயார், விவரம் தயார். "அட்டைப்படத்தை ஏற்றுக" என்று படிவம் கேட்கிறது. முழுக்க முழுக்கக் காதுக்கான ஓர் ஊடகத்தில், படம் இல்லாமல் கதவு திறப்பதில்லை. இந்த ஒரு படியை எப்படிக் கடப்பது, இருக்கும் வழிகளில் எது உருப்படியானது என்பதைப் பார்ப்போம்.

முதலில் விதி. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கேட்பது சதுரப் படம். குறைந்தது 1400-க்கு 1400 பிக்சல், அதிகபட்சம் 3000-க்கு 3000. ஜேபெக் அல்லது பிஎன்ஜி வடிவம், திரைக்கான ஆர்ஜிபி நிறமுறை, ஒளி ஊடுருவும் பகுதி எதுவும் கூடாது. ஸ்பாட்டிஃபையும் சதுரத்தையே கேட்கிறது. ஆகவே 3000 பிக்சல் சதுரமாக ஒன்றைச் செய்துவிட்டால் பெரும்பாலான இடங்களுக்குப் போதும்.

இந்த எண்கள் பார்வையற்றவருக்குத் தடையல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். எண் என்றால் எண்தான். கணினியைக் கேட்டுச் சரிபார்த்துவிடலாம். எழுத்து ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறதா, நிறம் நிறத்தோடு கலந்து மறைந்துவிட்டதா, கைப்பேசியில் சுருங்கும்போது படிக்க முடிகிறதா என்பவைதான் உண்மையான சிக்கல். தளத்தின் இயந்திரம் இவற்றைச் சோதிப்பதில்லை. படம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற செய்தி வரும். படம் பார்க்கச் சகிக்காமல் இருக்கும். அதை எவரும் சொல்லவும் மாட்டார்கள்.

இன்னொரு குறை ஓடையின் (நிகழ்ச்சியின் விவரங்களைச் செயலிகளுக்குக் கொண்டுபோகும் ஆர்எஸ்எஸ் கோப்பின்) அமைப்பிலேயே இருக்கிறது. 2002-ல் வந்த ஆர்எஸ்எஸ் 2.0 வரையறையில் படத்துக்கென்று உள்ள குறிச்சொல்லுக்குள் 'தலைப்பு' என்றொரு இடம் உண்டு. அதைப் படத்தின் மாற்று உரையாக, அதாவது படத்தைப் பார்க்க முடியாதவருக்கான எழுத்து விவரமாகப் பயன்படுத்த வேண்டும் என்று அந்த வரையறையே சொல்கிறது. (நடைமுறையில் அங்கே நிகழ்ச்சியின் பெயரையே திரும்பப் போடுவது வழக்கமாகிவிட்டது.) 2005 ஜூனில் ஐடியூன்ஸ் 4.9 பாட்காஸ்ட்டைக் கொண்டுவந்தபோது தனக்கென ஒரு படக் குறிச்சொல்லை வைத்துக்கொண்டது. அதில் படத்தின் முகவரிக்கு மட்டும்தான் இடம். மாற்று உரைக்கு இடமே இல்லை. அதனால் பார்வையற்ற ஒலிபரப்பாளர் பாடுபட்டுச் செய்யும் படத்தில் என்ன இருக்கிறது என்பது, அதே நிகழ்ச்சியைக் கேட்கும் பார்வையற்ற நேயருக்கு அந்தக் குறிச்சொல் வழியே போய்ச் சேராது.

இனி வழிகள்.

இழுத்து விடும் வடிவமைப்புத் தளங்களைத்தான் எல்லோரும் முதலில் கைகாட்டுவார்கள். பார்க்கிறவர்களுக்குப் பத்து நிமிட வேலை. திரைவாசிப்பானோடு போகிறவருக்கு அங்கே இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, வார்ப்புருக்களின் பெயர்கள்: "நவீன ஊதா பாட்காஸ்ட் அட்டை" என்பது போன்ற பெயரைக் கேட்டு அதில் ஒருவர் முகம் இருக்கிறதா, மைக் படம் இருக்கிறதா, எழுத்து எந்த மூலையில் இருக்கிறது என்று எதையும் அறிய முடியாது. இரண்டு, வார்ப்புருவின் எழுத்துப்பெட்டி ஆங்கிலச் சொற்களுக்கு அளவெடுத்தது. நான்கெழுத்து ஆங்கிலச் சொல் இருந்த இடத்தில் "கலந்துரையாடல்" என்று போட்டால் பெட்டி உடைந்து அடுத்த வரியில் ஏறி நிற்கும், அல்லது பக்கத்துப் படத்தின் மேல் படரும். அம்புக்குறி விசையால் பெட்டியை நகர்த்தலாம்தான். எங்கே போய் நின்றது என்பது தெரியாது. பார்வையுள்ளவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் இந்த வழி.

செயற்கை நுண்ணறிவிடம் சொல்லிப் படம் வரையச் சொல்வது அடுத்தது. பின்னணிக்கு நன்றாகவே உதவும். தமிழ் எழுத்தை மட்டும் அதன் கையில் விடக் கூடாது. தமிழ் போலவே தோன்றும், ஆனால் எந்த எழுத்தும் அல்லாத வளைவுகளை வரைந்துவிடக்கூடும். பிழை இருக்கிறதா என்று அதனிடமே கேட்டால், நீங்கள் கொடுத்த தலைப்பையே திருப்பிச் சொல்லிச் சரியாக இருக்கிறது என்று சாதிக்கக்கூடும். எழுத்தே இல்லாத பின்னணி வேண்டும் என்று கேட்டு வாங்கி, தலைப்பைக் கீழே சொல்லும் முறையில் நாமே பதிப்பதுதான் பாதுகாப்பு.

காசு கொடுத்து வடிவமைப்பாளரிடம் ஒப்படைப்பது நல்ல வழிதான். கேட்க வேண்டியதை எழுத்தில் கேட்டால். 3000 பிக்சல் சதுரம், ஆர்ஜிபி, ஒரு ஜேபெக், ஒரு பிஎன்ஜி, திருத்தக்கூடிய மூலக் கோப்பு, அதோடு படத்தில் என்ன இருக்கிறது என்று நான்கு வரி விவரம். இந்த நான்கு வரியையும் வேலையின் பகுதியாகவே முன்கூட்டிப் பேசிவிட வேண்டும். நம் ஊர் டிடிபி பழக்கத்தால் வரும் சங்கடங்கள் மூன்று. அச்சு வேலை செய்து பழகியவர்கள் கை தானாகவே அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறமுறைக்குப் போகும். அப்படி வந்த ஜேபெக் சில செயலிகளில் நிறம் மாறித் தெரியும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தலைப்பை அடித்திருந்தால் படம் பார்க்கத் தமிழாகவே இருக்கும். மூலக் கோப்பிலிருந்து எழுத்தை நகலெடுத்தால் திரைவாசிப்பான் பொருளற்ற ஆங்கில எழுத்துகளை வாசிக்கும். ஒருங்குறியில் அடிக்கச் சொல்லிவிடுங்கள். மூன்றாவது வாட்ஸப். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்ல வேண்டும்.

எங்கள் மதிப்பீட்டில் முதலிடம் பெறுவது, படத்தை வரையாமல் எழுதுவது. இணையப் பக்கம் எழுதப் பயன்படும் ஒரு சாதாரண எச்டிஎம்எல் கோப்பை நோட்பேடில் எழுதி, குரோம் உலாவியை அதைப் படம்பிடிக்கச் சொல்லும் முறை. செலவில்லை. ஒவ்வொரு படியும் எழுத்தாகவே இருப்பதால் திரைவாசிப்பானுக்கு எட்டாதது எதுவும் இல்லை. எங்கே பிழை வந்தாலும் எண்ணாகத் தெரிந்துவிடும்.

தமிழுக்கு இந்த முறை ஏன் பொருந்துகிறது என்று சொல்ல வேண்டும். கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கி, படத்தின் மேல் எழுத்துப் பதிக்கும் கட்டளைவரிக் கருவிகள் பல உண்டு. இமேஜ்மேஜிக் அவற்றில் பெயர்பெற்றது. ஆனால் ரேக்கம் என்ற எழுத்து அமைப்பு நூலகம் இணைக்கப்படாத பதிப்பாக இருந்தால் "கோயில்" என்ற சொல்லின் முதல் எழுத்தே உடைந்துபோகும். ககரத்தின் இடப்பக்கம் இரட்டைக்கொம்பும் வலப்பக்கம் காலும் வர வேண்டும். அமைப்பு நூலகம் இல்லாதபோது இரண்டும் சேர்ந்து ககரத்துக்குப் பின்னால் போய் விழும். கொடுமை என்னவென்றால், கோப்பில் நீங்கள் அடித்தது சரியாகவே இருப்பதால் திரைவாசிப்பான் "கோயில்" என்றே வாசிக்கும். உடைந்தது கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். பைத்தான் நிரல்மொழியில் படங்களைக் கையாளும் பில்லோ நூலகத்திலும் இதே கதைதான். ரேக்கம் இருக்கிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகள் எழுத்தமைப்பைத் தாமே சரியாகச் செய்துவிடுகின்றன. அதனால் எழுத்தை உலாவியிடமும் அளவு, வெட்டு, சோதனை ஆகியவற்றை இமேஜ்மேஜிக்கிடமும் பிரித்துக் கொடுப்பதே நல்லது.

கோப்பு இப்படி இருக்கட்டும். பக்கத்தின் உடல் அகலம் 1000, உயரம் 1000 பிக்சல், ஓரம் சுழியம், உள்ளடக்கம் இரு திசையிலும் நடுவில். பின்னணி நிறத்தை உடலுக்கே கொடுங்கள். உள்ளே ஒரு பெட்டி வைத்து அதற்கு நிறம் கொடுத்து, ஓரத்தைச் சுழியமாக்க மறந்தால், உலாவி தானாகச் சேர்க்கும் 8 பிக்சல் ஓரம் இடப்பக்கமும் மேலேயும் வெள்ளைக் கோடாக நிற்கும்.

நிறத்தை எண்ணால் தேர்ந்தெடுக்கலாம். இணைய அணுகல் வழிகாட்டி நெறிகள் சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்ற ஒளிவேறுபாட்டைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கின்றன. இரண்டு நிறங்களின் எண்ணைக் கொடுத்தால் விகிதத்தைச் சொல்லும் கணிப்பான்கள் இணையத்தில் நிறைய உண்டு. கறுப்பில் தூய மஞ்சள் 19.56. மஞ்சளில் வெள்ளை 1.07, எழுத்து இருப்பதே தெரியாது. நீலத்தில் சிவப்பு 2.15, கேட்கப் பளிச்சென்று இருக்கும், படிக்கக் கண் கூசும். சிவப்பு 11, பச்சை 31, நீலம் 58 என்ற கருநீலத்தின் மேல் 255, 213, 79 என்ற மஞ்சளை வைத்தால் ஏறத்தாழ 11.7 வரும். அட்டைக்கு இதுவே தாராளம். 7-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது, ஏனென்றால் இந்தப் படம் கைப்பேசிப் பட்டியலில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கப்போகிறது.

எழுத்தளவையும் அந்தச் சுருக்கத்தை வைத்தே கணக்கிடுங்கள். 3000 பிக்சல் படம் 60 பிக்சலாகச் சுருங்கினால் 50 மடங்கு குறைகிறது. 200 பிக்சல் எழுத்து 4 பிக்சலாகிவிடும். கொம்பும் காலும் புள்ளியும் ஒன்றாகக் குழைந்துவிடும். 400 பிக்சல் என்றால் 8 கிடைக்கும். நம் கோப்பு 1000 அளவில் இருப்பதால் தலைப்புக்கு 133-க்கு மேல் வையுங்கள். தலைப்பு இரண்டு மூன்று சொற்களோடு நிற்கட்டும். தொகுப்பாளர் பெயர், "வாரந்தோறும் ஞாயிறு" போன்ற வரிகள் அட்டையில் வேண்டியதே இல்லை. அவை விவரப் பகுதியில் எழுத்தாகவே இருக்கின்றன. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் மூன்றுமே கட்டற்றவை. தடித்த வடிவைப் பயன்படுத்துங்கள்.

தமிழ்ச் சொல் நீளமானது. உலாவி அதை நடுவில் உடைக்காது, ஓரத்தைத் தாண்டி ஓடவிடும். படம்பிடிக்கும் முன்னே இதைக் கண்டுபிடிக்க முடியும். உலாவிக்குள் கட்டளை எழுதிக் கேட்கும் இடமான கன்சோலில் உடலின் ஸ்க்ரோல் அகலத்தைக் கேளுங்கள். 1000 என்று வந்தால் அடங்கியிருக்கிறது. 1140 என்றால் 140 பிக்சல் வெளியே போயிருக்கிறது. (உள்ளடக்கத்தை நடுவில் நிறுத்தும்போது இடப்பக்கம் வழிவது இந்த எண்ணில் சேராது; பின்னால் வரும் சோதனையில் அதுவும் பிடிபடும்.)

பிறகு படம்பிடித்தல். குரோமைத் திரையில் தோன்றாமல் இயங்கும் ஹெட்லெஸ் முறையில், ஸ்கிரீன்ஷாட் விருப்பத்தோடு, படத்தை மும்மடங்கு பெரிதாக்கத் திரை மடங்கை 3 என்று வைத்து, ஸ்க்ரோல்பாரை மறைக்கச் சொல்லி இயக்க வேண்டும். ஜன்னல் அளவை 1000-க்கு 1000 என்று கொடுத்தால் சில பதிப்புகளில் கீழ்ப்பகுதி வெறுமையாக வந்துவிடுகிறது. ஜன்னலின் உயரத்தில் ஒரு பகுதியை உலாவியே எடுத்துக்கொள்வதுதான் காரணம். 1000-க்கு 1200 என்று கொடுங்கள். வரும் படம் 3000-க்கு 3600 இருக்கும். இமேஜ்மேஜிக்கின் க்ராப் கட்டளையால் மேலிருந்து 3000-க்கு 3000 வெட்டுங்கள். கூடவே ரீபேஜ் என்பதையும் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய பரப்பின் அளவு கோப்புக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது வருவதுதான் இந்த முறைக்கே உயிர். வெட்டிய பிஎன்ஜி படத்தை இமேஜ்மேஜிக்கிடம் கொடுத்து, ட்ரிம் செய்து தகவலை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். ட்ரிம் என்பது ஓரத்தில் ஒரே நிறமாக இருக்கும் பகுதியைச் சுரண்டிவிட்டு, மிஞ்சும் செவ்வகத்தின் அளவையும் அது எங்கே தொடங்குகிறது என்பதையும் சொல்வது. பின்னணி ஒரே நிறம் என்பதால் மிஞ்சுவது எழுத்து மட்டுமே. திரைவாசிப்பான் இப்படி வாசிக்கும்: 2400 எக்ஸ் 900, 3000 எக்ஸ் 3000, பிளஸ் 300, பிளஸ் 1050. அதாவது எழுத்துத் தொகுதியின் அகலம் 2400, உயரம் 900; இடப்பக்கம் 300 விட்டுத் தொடங்குகிறது, மேலே 1050 விட்டுத் தொடங்குகிறது. மூவாயிரத்தில் இரண்டாயிரத்து நானூறும் முந்நூறும் போக வலப்பக்கம் மிச்சம் 300. மேலே 1050, கீழே 1050. எழுத்து அச்சாக நடுவில் நிற்கிறது. கண்ணால் பார்ப்பவர்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது.

அகலம் 3000, தொடக்கம் 0 என்று வந்தால் எழுத்து ஓரத்தை முட்டி வெட்டுப்பட்டிருக்கிறது. 2976 எக்ஸ் 2976, பிளஸ் 24, பிளஸ் 24 என்று வந்தால் மேலே சொன்ன 8 பிக்சல் வெள்ளை ஓரம் மூன்று மடங்காகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தச் சோதனையை ஜேபெக் ஆக்கும் முன்னரே செய்யுங்கள். ஜேபெக் சுருக்கம் எழுத்தைச் சுற்றி மெல்லிய அழுக்கைச் சேர்க்கும், எண்கள் சில பிக்சல் தடுமாறும். பின்னணியில் புகைப்படமோ வரைந்த படமோ இருந்தால் ட்ரிம் சோதனை உதவாது. அப்போது எழுத்துப் பதிப்பை மட்டும் ஒற்றை நிறப் பின்னணியில் ஒரு முறை எடுத்துச் சோதித்துவிட்டு, பிறகு பின்னணியை மாற்றி, எழுத்துக்கு அடியில் ஒற்றை நிறப் பட்டை ஒன்றை இட்டுவிடுங்கள். ஒளிவேறுபாட்டுக் கணக்கும் அப்படியே நிற்கும்.

எழுத்து எழுத்தாகத்தான் இருக்கிறதா என்பதற்கு டெசராக்ட். இந்தக் கட்டற்ற எழுத்துணரிக்குத் தமிழ்த் தரவு உண்டு. முழு அளவில் ஒரு முறை, 300 பிக்சலுக்குச் சுருக்கி ஒரு முறை வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் தலைப்பு சரியாக வந்தால் எழுத்துரு உடையவில்லை, சுருக்கத்திலும் தெளிவாக இருக்கிறது. என்விடிஏ-யிலேயே உள்ள விண்டோஸ் எழுத்துணரியைத் தமிழுக்கு நம்ப வேண்டாம்.

கடைசியாக ஜேபெக் ஆக்கும்போது தரம் 90 போதும். ஒளி ஊடுருவும் பகுதி ஏதேனும் இருந்தால் அது கறுப்பாக மாறிவிடக்கூடும். பின்னணி நிறத்தைச் சொல்லி ஆல்ஃபாவை (அந்த ஊடுருவல் தகவலை) நீக்கச் சொல்லிவிடுங்கள். இமேஜ்மேஜிக்கின் ஐடென்டிஃபை கட்டளை 3000 எக்ஸ் 3000, எஸ்ஆர்ஜிபி என்று சொன்னால் கோப்பு தயார். சிஎம்ஒய்கே என்று சொன்னால் திருப்பி அனுப்ப வேண்டிய கோப்பு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மனிதர் இரண்டு நிமிடம் பார்ப்பது நல்லது. பி மை ஐஸ் செயலி 2015 முதல் தன்னார்வலர்களைக் காணொளி அழைப்பில் இணைத்துத் தருகிறது. 2023 முதல் படத்தை விவரிக்கும் செயற்கை நுண்ணறிவும் அதில் உண்டு. தன்னார்வலர் பார்ப்பது உங்கள் கைப்பேசி கேமரா வழியே திரையை. நிறம் மாறித் தெரியும், கண்ணாடி மின்னும். நிறத்தைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டாம், அதற்கு எண் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் கோப்பைக் கொடுக்கும்போது கோப்பின் பெயரிலோ கேள்வியிலோ தலைப்பைச் சொல்லிவிடாதீர்கள். படத்தைப் படிக்காமல் நீங்கள் சொன்னதையே படிக்கும். வீட்டு மனிதர்களிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "கைப்பேசியைக் கை நீட்டிப் பிடி, முதலில் எந்தச் சொல் படிக்க முடிகிறது?" என்று கேளுங்கள்.

ஏற்றுவதிலும் இடறல் உண்டு. பல பதிவேற்றத் தளங்கள் படத்தை வாங்கியதும் சுட்டியால் இழுத்து வெட்டும் ஒரு பெட்டியைத் திறக்கின்றன. அதன் பொத்தான்கள் பெயரில்லாமல் "பட்டன், பட்டன்" என்று வாசிக்கப்படும். படம் முன்பே துல்லியச் சதுரமாக இருந்தால் எதையும் இழுக்காமல் சேமித்துவிடலாம். 3000-க்கு 2998 ஆக இல்லாமல் பார்த்துக்கொள்வதற்கு இது இன்னொரு காரணம். படம் மறுக்கப்பட்டால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி தோன்றும், அறிவிப்பாக ஒலிக்காது. உலகளாவிய வலைச் சங்கம் 2015-லேயே படைப்புக் கருவிகளுக்கான அணுகல் நெறிகளை வெளியிட்டுவிட்டது. உள்ளடக்கத்தைப் படைக்க உதவும் எந்தக் கருவியும் மாற்றுத்திறனாளிகள் படைக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்பதே அதன் முதல் பகுதி. பாட்காஸ்ட் பதிவேற்றத் தளமும் படைப்புக் கருவிதான். நேயருக்கான அணுகலைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒலிபரப்பாளரும் பார்வையற்றவராக இருப்பார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏறியதா என்று அறிய, தளத்தின் செய்தியை நம்பாமல் ஓடையையே திறங்கள். படக் குறிச்சொல்லில் உள்ள முகவரியை நகலெடுத்து உலாவியில் தனியாகத் திறந்தால், தாவலின் தலைப்பிலேயே கோப்பின் பெயரும் பிக்சல் அளவும் இருக்கும். என்விடிஏ விசையோடு டி விசையை அழுத்தினால் வாசித்துவிடும். சொந்த வழங்கியில் (சர்வரில்) வைப்பவர்கள், அது ஹெட் கோரிக்கைகளுக்கு (கோப்பை இறக்காமல் அதன் விவரத்தை மட்டும் கேட்பவை) பதில் சொல்கிறதா என்று பாருங்கள். ஆப்பிள் அதைக் கேட்கிறது. கூகுள் டிரைவ் பகிர்வு இணைப்பைக் கொடுத்தால் வேலைக்காகாது. அது படத்தைத் தராது, படத்தைக் காட்டும் பக்கத்தைத்தான் தரும்.

மாற்று உரைக்கு ஆப்பிளின் படக் குறிச்சொல்லில் இடமில்லாத வரை, நிகழ்ச்சி விவரத்தின் கடைசி வரியை அதற்கு ஒதுக்குங்கள். "அட்டைப்படம்: கருநீலப் பின்னணியின் நடுவில் பெரிய மஞ்சள் எழுத்தில் நிகழ்ச்சியின் பெயர், இரண்டு வரிகளில்." இவ்வளவு போதும். ஆப்பிளின் விவரப் பகுதி 4000 பைட் வரை ஏற்கும். யுடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் என்பதால், தமிழில் எழுதுகிறவருக்கு அது ஏறத்தாழ 1333 குறிகள்தான். இந்த வரிக்கு முன்கூட்டியே இடம் விட்டு எழுதுங்கள். பின்னாளில் அட்டையை மாற்றினால் கோப்பின் பெயரையும் மாற்றி ஏற்ற வேண்டும். பழைய பெயரிலேயே ஏற்றினால் செயலிகள் தங்கள் சேமிப்பில் உள்ள பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும், விவரத்தின் கடைசி வரியோ புதிய படத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்.